உள்ளங்கையில் குதிகால்

அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் விசாரிப்பதில்லை. "தள்ளு மேடம் வந்துட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். காலை எட்டரையிலிருந்து மதியம் ஒன்றரை வரைக்கும் பிசியோதெரபி அறையிலிருந்து வெளியே கேட்பது அந்த ஒரே பேச்சுதான். "தள்ளுங்க. என் கையை எதிர்த்துத் தள்ளுங்க. விடாதீங்க, விடாதீங்க. சரி, விடுங்க."

பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மாவுக்கட்டுப் பிரித்த கையைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு வந்தவர்கள் என்று யாராக இருந்தாலும் முதலில் மேடத்திடம் தள்ளியாக வேண்டும். அதற்கு மெஷின் ஒன்றும் கிடையாது. ஒரு கையால் மூட்டைப் பிடித்துக்கொள்வார். மறு கையால் எதிர்த்து அழுத்துவார். தசை எவ்வளவு தாங்குகிறதோ அதற்குத் தக்கபடி பூஜ்யத்திலிருந்து ஐந்து வரைக்கும் ஓர் எண் போடுவார். அசைவே இல்லையென்றால் பூஜ்யம். தோலுக்கடியில் லேசாகத் துடித்தால் ஒன்று. கட்டில்மேல் வைத்தபடியே நகர்த்தினால் இரண்டு. தன் கனத்தைத் தானே தூக்கிவிட்டால் மூன்று. மேடத்தின் கையைக் கொஞ்சம் தாங்கினால் நான்கு. எவ்வளவு அழுத்தினாலும் அசராமல் நின்றால் ஐந்து. பதினாறு வருஷமாக இதே வேலை. "என் கை பொய் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. பெரிய டாக்டர்களே அவர் போட்ட எண்ணைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

ஏணி அவரிடம் மூன்றாவது முறையாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறடி இரண்டங்குலம் உயரம் என்பதால் சின்ன வயதிலேயே விழுந்த பெயர் அது. பெயிண்டர் வேலை. பத்து மாடிக் கட்டடத்தில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு, மேலே இருக்கிறவன் காதில் விழும்படி பாட்டுப் பாடிக்கொண்டே உருளைத் தூரிகை ஓட்டியவன். அப்படிப்பட்டவன் விழுந்ததோ ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், மர ஏணியின் நாலாவது படியிலிருந்து. "ஏணி ஏணியிலேர்ந்து விழுந்துட்டான்டா" என்று கூட்டாளிகள் ஒரு வாரம் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். முழங்கால் வீங்கியிருந்தது. எலும்பில் ஒன்றுமில்லை என்று எக்ஸ்ரே படம் சொன்னது. வீக்கம் வடிந்து கட்டுப் பிரித்த அன்று எழுந்து நின்று இடது காலை எடுத்து வைத்தான். வலது கால் கூட வரவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று தட்டிப் பார்த்தான். கிள்ளினால் வலித்தது. நடந்தால் மட்டும் வேறு யாருடைய காலோ மாதிரி இழுபட்டது. அன்றோடு சிரிப்பு நின்றது. அது நடந்து நாலு மாதம்.

அந்த நாலு மாதமும் அவன் மனைவிதான் அவனுக்குக் கால். அவளுக்கு லாண்டரியில் இஸ்திரி வேலை. இரண்டு ஹோட்டல், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் கொடுத்து வாங்கி, இரண்டு பேராக எதிரெதிரே நின்று மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. காலையில் அவனைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, சாப்பாட்டைப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு ஓடுவாள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது இவள் வீட்டுக்கு ஓடி வந்து அவனை ஒருமுறை பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்புவாள். போகிற வழியில் ஒரு பன்னைக் கடித்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுடைய சாப்பாடு. முகம் சுளித்ததில்லை. "உங்க உயரத்துக்கு ஒரு தோள் பத்தாதுங்க, ஸ்டூல் போட்டு நான் ஏறிக்கணும்" என்று கேலி பேசிக்கொண்டே தாங்குவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. வெளியே பெஞ்சில் இடமில்லாமல் நனைந்த குடைகளோடு சுவரோரம் வரிசை நின்றது. அறைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். அதிலும் பாதி வளையம் அறுந்து தொங்கியது.

"கட்டில்ல படுங்க அண்ணா" என்றார் மேடம்.

மனைவி அவனை உட்காரவைத்து, வலது காலை இரண்டு கையாலும் அடியில் கொடுத்துத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

"காலை மடக்காம மேல தூக்குங்க. நான் அழுத்துவேன், விடாதீங்க."

கால் ஒரு சாண் எழுந்தது. மேடம் கை வைத்ததும் தொப்பென்று விழுந்தது. மேடத்தின் புருவம் சுருங்கியது. பலம் போன தசை, பாரம் ஏறுகிற தராசுத் தட்டுபோல ஒரே சீராக இறங்கும். இது ஒரு நொடி நன்றாகத் தாங்கிவிட்டு, சுவிட்சை அணைத்த மாதிரி விட்டது. முழங்காலை நீட்டச் சொன்னார். பாதத்தை நிமிர்த்தச் சொன்னார். கட்டை விரலைத் தூக்கச் சொன்னார். எல்லாம் அதே கதைதான்.

பிறகு தன் வலது உள்ளங்கையை அவனுடைய வலது குதிகாலுக்கடியில் செருகினார்.

"இந்தக் குதிகாலை என் கைமேல அழுத்துங்க."

அவன் பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. குதிகால் சும்மா கிடந்தது.

"சரி, அதை விடுங்க. அந்தக் காலை மறந்துருங்க. இப்ப இடது காலைத் தூக்குங்க. நல்ல காலை. நான் மேலேர்ந்து அழுத்துறேன், எதிர்த்துத் தூக்குங்க. இன்னும். இன்னும் நல்லா."

இடது கால் எழுந்தபோது, வலது குதிகால் மேடத்தின் உள்ளங்கையைக் கட்டிலோடு சேர்த்து நசுக்கியது. மேடம் இரண்டாவது தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். அவனுக்கு வலது காலில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு இடது காலோடு போராடிக்கொண்டிருந்தான்.

வெளியே முப்பது பேர் இருந்தார்கள். காலையிலிருந்து மேடம் ஒரு வாய்த் தேநீர் குடிக்கவில்லை. முந்தின வாரம்தான் ஒருத்தன் லீவுக்காகக் கைவலி என்று வந்து அவரை மூன்று நாள் ஏமாற்றியிருந்தான்.

"இங்க வாங்கம்மா" என்று அவளைக் கூப்பிட்டார். "கையை இப்படி அடியில வையுங்க. நான் இடது காலை அழுத்துறேன். என்ன தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் வைத்தாள். சூட்டு உருளையில் காய்த்துப்போன அவளுடைய உள்ளங்கையில் குதிகால் வந்து இறங்கியது. ஆட்டுக்கல்லை வைத்த மாதிரி இருந்தது.

"அழுத்துது மேடம்" என்றாள் மெதுவாக.

"நல்லா அழுத்துதா?"

"கை நசுங்குது."

"அவ்வளவுதாம்மா. காலுக்கு அஞ்சுக்கு அஞ்சு பலம் இருக்கு. என் கை பொய் சொல்லாது. ஏன் அண்ணா, நாலு மாசமா யாரை ஏமாத்துறீங்க? இந்தம்மாவோட முதுகைப் பாத்தீங்களா, எப்படி வளைஞ்சு போச்சுன்னு? நிஜமாவே கால் போனவங்க வெளியே நிக்கிறாங்க. உங்க நடிப்புக்கு நாங்க டிக்கெட் வாங்கிட்டா உக்காந்திருக்கோம்?"

திரைக்கு வெளியே பேச்சு நின்றது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "மேடம், நான் அழுத்தலை" என்றான்.

"அடுத்தவரை வரச் சொல்லுங்க" என்றார் மேடம்.

வெளியே வரும்போது அந்த முப்பது பேரும் வழி விட்டார்கள். அவன் அவள் தோளில் சாய்ந்து காலை இழுத்துக்கொண்டு வந்தான். எல்லார் கண்ணும் அந்தக் காலில். அதே வரிசையில் அவர்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் தையல்காரரின் மனைவியும் நின்றிருந்தாள். ஏணியின் மனைவியைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலக் குடையைத் தட்டினாள். இவளுக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம்போல இருந்தது.

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. மூன்று நிறுத்தம் வரைக்கும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழுத்தலைம்மா" என்றான் அவன்.

"அப்ப யாரு அழுத்துனா? பக்கத்துக் கட்டில்காரனா?"

"எனக்குத் தெரியலை."

"என் கையில விழுந்துச்சுங்க. எவளோ சொல்லிக் கேட்டிருந்தா அவகிட்ட சண்டைக்குப் போயிருப்பேன். என் கையிலயே விழுந்துச்சே."

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

இறங்கும் இடம் வந்ததும் அவள் முதலில் இறங்கினாள். கை கொடுக்கவில்லை. கண்டக்டர்தான் அவனை இறக்கிவிட்டார்.

அவர்கள் குடியிருந்தது ஒரு வரிசை வீட்டில். சிமென்ட் முற்றத்தைச் சுற்றி எட்டு குடித்தனம். ஆளுக்கு ஒரு அறை, ஒரு சமையல் மூலை. முற்றத்தின் கோடியில் ஒரு குழாய், இரண்டு பொது பாத்ரூம். வீட்டிலிருந்து முற்றத்துக்கு இறங்க மூன்று படி. அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

அன்று மாலை அவளுடைய தம்பி வந்தான். வாசலில் நின்றபடியே, "மாமா, படப்பிடிப்பு எப்ப முடியும்? ஹீரோயினா எங்கக்காவைப் போட்டுட்டு ஒரு வேளைச் சாப்பாடுகூட ஒழுங்கா போடலையே" என்றான். மற்ற நாளாக இருந்தால் அவள் அவனை விளக்குமாற்றால் அடித்திருப்பாள். அன்று சும்மா இருந்தாள். பத்தாவது படிக்கிற மகள் மட்டும், "மாமா, நீங்க கிளம்புங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் அவனைத் தாங்குவதை நிறுத்தினாள். கோபத்தில் கத்தவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் வராமல் இருந்தாள், அவ்வளவுதான். அவன் ஊன்றிக்கொண்டிருந்த தடியை எடுத்துக்கொண்டு போய் லாண்டரியில் சோப்பு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். சாப்பாட்டைத் தரையில் மூடி வைக்காமல் சமையல் மூலையின் மேல் தட்டில் வைத்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றால் ஆறடி ஆளுக்கு எட்டும்.

லாண்டரியில் அவளுக்கு எதிரே நின்று விரிப்பு மடிக்கிறவள் கேட்டாள். "என்னக்கா, மதியம் வீட்டுக்கு ஓடலையா?"

"இனிமே ஓட வேண்டியதில்லை."

"அண்ணனுக்கு நல்லாயிருச்சா?"

விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். நல்லாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஏமாற்றினார் என்று சொன்னால் நாலு மாதமாக இவர்களிடம் கேட்டு வாங்கிய இரக்கம் எல்லாம் திருடிய பண்டமாகிவிடும். "மூலை பிசகுது, சரியாப் புடி" என்றாள்.

ஐந்தாவது நாள் மகள் சொன்னாள். "அம்மா, அப்பா தவழ்ந்து போறாரும்மா."

"போகட்டும். எந்திரிக்கிற வழி அவருக்குத் தெரியும்."

"மேல வச்ச சாப்பாடு அப்படியே இருக்கு. நான் ஸ்கூல்லேர்ந்து வந்து எடுத்துக் குடுத்தாத்தான் சாப்பிடுறாரு. நீ ஒருதடவை பாரும்மா அவரை."

"பாத்தாச்சு. என் கையாலயே பாத்தாச்சு."

மகள் அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவில்லை.

யாரும் இல்லாதபோது அவன் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, தன் காலைப் பார்த்து, "நடடா" என்று அதட்டிப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். ஒருநாள் கரண்டியால் தொடையில் அடித்துக்கொண்டான். அது கன்றிப்போய் இருந்தது. தனக்குத் தெரியாமலே தான் பொய்யனாக இருக்க முடியுமா என்று யோசிப்பதுதான் அவனுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

ஒன்பதாவது நாள் காலை பதினொரு மணி. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. முற்றத்தில் துணி உலர்த்துகிறவர்கள், குழாயில் பாத்திரம் துலக்குகிறவர்கள் என்று ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஏணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். இத்தனை பேர் பார்க்கிறபோது பாத்ரூமுக்குத் தவழ்ந்து போக முடியாது என்று நினைத்தானோ, நடந்து காட்டிவிட வேண்டும் என்றே வந்தானோ, தெரியாது. முதல் படியில் இடது காலை வைத்தான். வலது கால் கூட வரவில்லை. கம்பம் சாய்வதுபோல முழு உயரத்தோடு முற்றத்தில் விழுந்தான்.

யாரும் ஓடி வரவில்லை. அதுதான் பிறகு அந்தக் காம்பவுண்டில் எல்லாருக்கும் உறுத்தியது. "எந்திரிப்பாரு பாரு" என்று தையல்காரரின் மனைவி சொன்னாள். பாத்திரம் துலக்கியவள் துலக்கிக்கொண்டே பார்த்தாள். அவன் எழுந்திருக்க முயன்றான். கையை ஊன்றியதும் ஓர் அலறல். மோவாயிலிருந்து ரத்தம் சிமென்டில் பரவியது. அடக்கிவைத்திருந்த சிறுநீரில் கைலி நனைந்தது. அப்புறம்தான் ஒருத்தி பாத்திரத்தைப் போட்டாள்.

லாண்டரிக்கு ஆள் வந்து சொல்லி அவள் ஓடி வந்தபோது அவனைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். யாரோ நனைந்த கைலிமேல் ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள். அவன் அவளைப் பார்த்தான். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"நடிக்கலை" என்றான்.

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இடது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்திருந்தது. மோவாயில் ஆறு தையல். அன்று வியாழக்கிழமை, வாரத்தில் அன்று மட்டும் வெளியூரிலிருந்து நரம்பு டாக்டர் வருவார். மாவுக்கட்டுப் போட்டவர் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு அவரிடம் அனுப்பினார். தள்ளு மேடத்தின் கையெழுத்தில் 'பலம் ஐந்து. நடிப்பு' என்று எழுதியிருந்ததை அந்த டாக்டர் இரண்டு முறை படித்தார். ஏணியை அரைமணி நேரம் பார்த்தார். பிறகு மேடத்தை அழைத்து வரச் சொன்னார். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. மேடம் வெளியே வரும்போது இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடம் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டு இல்லாமல் சாதாரணப் புடவையில் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. அவள் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்றோ உட்காருங்க என்றோ சொல்லவில்லை. மகள்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மேடம் உட்காராமலே நின்றார். "அண்ணா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஏணி, மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க மேடம். நின்னுட்டே இருக்கீங்களே" என்றான்.

"என்ன பரவாயில்லை?" என்றாள் அவள் அடுப்பைப் பார்த்தபடி. "என்ன பரவாயில்லைன்னு கேக்குறேன்."

"அம்மா, நான் சொல்லிடறேன்" என்றார் மேடம். "அன்னைக்கு என் கைக்குத் தெரிஞ்சது சரிதான். காலுல பலம் இருக்கு. நரம்பும் நல்லா இருக்கு. ஆனா அதை வச்சு அவர் பொய் சொல்றாருன்னு நான் முடிவு கட்டுனேன் பாருங்க, அது தப்பு. இது ஒரு நோய்தாம்மா. காலை அசைக்கணும்னு அவர் நெனைக்கிறப்ப அந்த நெனைப்பு காலுக்குப் போய்ச் சேரலை. அந்தக் காலை மறந்து வேற எதையாவது செஞ்சா, கால் தானா வேலை செய்யுது. அவருக்கே தெரியாம."

"அதெப்படி? அவர் காலு அவருக்கே தெரியாமலா?"

"தெரிஞ்சவங்க பேரு தொண்டை வரைக்கும் வந்து வெளிய வராம நிக்கும் இல்லையா? யோசிக்க யோசிக்க வராது. விட்டுட்டு வேற வேலை பாக்குறப்ப தானா வரும். வராதப்ப நம்ம பொய்யா சொல்றோம்? இது அந்த மாதிரி, ஆனா ரொம்பப் பெருசு. எனக்குப் படிச்சப்ப சொல்லித் தந்தாங்கம்மா. தெரியாம இல்லை. அன்னைக்குக் கூட்டம். எரிச்சல். என் கை பொய் சொல்லாதுங்கிற திமிரு. கை பொய் சொல்லலை, என் வாய்தான் சொல்லிருச்சு."

முட்டைத் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அணைத்தாள். திரும்பினாள்.

"என் கையை எதுக்கு மேடம் வச்சீங்க?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்லிட்டுப் போயிருந்தா நான் பாதிதான் நம்பியிருப்பேன். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவரைத் தெரியாதா? எம்புருஷன் அப்படி இல்லைன்னு உங்ககிட்ட மல்லுக்கு நின்னிருப்பேன். என் கையை அடியில வச்சு, என்னையே சாட்சியாக்கிட்டீங்க. நான் என்னென்ன செஞ்சேன்னு தெரியுமா உங்களுக்கு? தடியை ஒளிச்சு வச்சேன். சாப்பாட்டை எட்டாத எடத்துல வச்சேன். எம்பொண்ணு முன்னாடி அவரு நாய் மாதிரி..."

"அம்மா, போதும்மா" என்றாள் மகள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றார் மேடம். "என்னை என்ன வேணா சொல்லுங்க."

"சொல்றேன். அன்னைக்கு வரிசையில முப்பது பேரு காதுல விழற மாதிரி சொன்னீங்களே. மன்னிப்பை மட்டும் ஏன் வீட்டுக்குள்ள வச்சு, மெதுவாச் சொல்றீங்க?"

மேடத்தின் முகம் காதுவரை சிவந்தது. ஆரஞ்சுப் பையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு பையை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஞாயிறு மதியம் என்பதால் முற்றத்தில் எல்லாக் குடித்தனமும் இருந்தது. மேடம் படியில் நின்றார். தினமும் நூறு பேரை அதட்டுகிற குரல். அன்று முதல் வாக்கியத்துக்கே இரண்டு முறை தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யறவ. இந்த வீட்டு அண்ணன் நடிக்கிறாருன்னு சொன்னது நான்தான். நான் சொன்னது தப்பு. அவருக்கு இருக்கறது நிஜமான நோய். கால் வராமதான் விழுந்தாரு. அவர் யாரையும் ஏமாத்தலை."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை மூடினார்கள்.

"நாங்க அப்பவே நெனைச்சோம் மேடம், அவரு அப்படிப்பட்ட ஆளே இல்லைன்னு" என்றாள் தையல்காரரின் மனைவி.

வாசலில் வந்து நின்ற ஏணியின் மனைவி அவளைப் பார்த்தாள். சொல்வதற்கு வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. அதைச் சொல்லும் தகுதி தனக்கு மட்டும் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். "நானும்தான் நம்புனேன்" என்று மட்டும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேடம் போன பிறகு அவள் முட்டையை உரித்து, சாப்பாட்டோடு தட்டில் வைத்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவனுக்கு ஒரு கைதான். ஊட்டவா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. மாவுக்கட்டில்லாத கையால் அவனே சாப்பிட்டான்.

"கேட்டீங்கல்ல, அந்தம்மா சொன்னதை" என்றாள்.

"ம்."

"என்னை நாலு அடி அடிச்சிருங்க. தீந்துபோகும்."

அவன் சிரிக்கவில்லை. "நீ பஸ்ல கேட்ட பாரு, அப்ப யாரு அழுத்துனான்னு. அதுலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நான்தான் அழுத்துறேனோ, எனக்குத் தெரியாம நான் திருடனா இருக்கேனோன்னு. நீ தடியை எடுத்துட்டுப் போனப்ப சரிதான்னு பட்டுச்சு. திருடனுக்கு எதுக்குத் தடி? மேல் தட்டுல சாப்பாடு இருந்தப்பவும் கோபம் வரலை. பசிச்சாலாவது கால் வருமான்னு நானும் பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அந்தத் தட்டில் கைகழுவக்கூடத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காமல் எழுந்துபோய்ச் சமையல் மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிறகு ஒருபோதும் அந்த வார்த்தை அவர்களுக்குள் வரவில்லை.

மறு வாரத்திலிருந்து மேடம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்தார். கூப்பிடாமலே வந்தார். இப்போது அவர் வாயில் "தள்ளுங்க" இல்லை. ஏணியின் கவனத்தைக் காலிலிருந்து பிடுங்குவதுதான் வேலை. மகளைப் பந்து போடச் சொல்லுவார். பாட்டுப் பாடிக்கொண்டே நிற்கச் சொல்லுவார். நாற்பதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லுவார். ஏணிக்குக் கணக்குத்தான் வரவில்லை, கால் கொஞ்சம் வந்தது. நாலாவது ஞாயிறு அவனை முற்றத்தில் இறக்கி, சுவரோரமாக நிறுத்தினார்.

"அண்ணா, இன்னைக்குப் பின்பக்கமா நடங்க."

"முன்பக்கமே நடக்கத் தெரியலை, பின்பக்கமா மேடம்?"

"முன்னாடி நடக்கிற வழிதான் உங்க தலைக்குள்ள அடைச்சிருக்கு. பின்னாடி நடக்கிறதை யாரும் அடைச்சு வைக்கலை. பாருங்க. அம்மா, நீங்க எதிர்ல நில்லுங்க. தொட வேண்டாம். அவர் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு நடக்கட்டும்."

அவள் எதிரில் போய் நின்றாள். அந்த ஒன்றரை மாதமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்திருக்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் முதலில் அவன் மோவாயிலிருந்த தழும்பைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள்.

அவன் இடது காலைப் பின்னால் வைத்தான். வலது கால் கூடவே போனது. இழுபடவில்லை. மடங்கி, எழுந்து, ஒழுங்காகப் போய் ஊன்றியது. அவன் திடுக்கிட்டுக் கீழே பார்த்தான். உடனே கால் நின்றது.

"கீழ பாக்காதீங்க. அவங்களைப் பாருங்க" என்றார் மேடம்.

இன்னும் ஓர் அடி. இன்னொன்று. அவன் ஓரடி பின்னால் போக, அவள் ஓரடி முன்னால் வந்தாள். விரிப்பு மடிக்கிறவர்கள்போல இருவருக்கும் நடுவே அதே தூரம். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மேடத்தின் கை மட்டும் எதையும் பிடிக்காமல், எதையும் அழுத்தாமல், புடவை ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது.

முன்பக்கமாக நடக்க அவனுக்கு இன்னும் ஏழு மாதம் ஆனது. உயரத்தில் வேலை செய்ய அவன் பிறகு போகவில்லை. கதவு, ஜன்னல், தரைமட்டச் சுவர் என்று ஏற்றுக்கொண்டான். சோர்ந்துபோன நாட்களில் கால் லேசாக இழுக்கும். அப்போது அவள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து நடப்பாள். மேடம் அவருடைய அறைக்கு வளையம் அறுந்த திரையை மாற்றிக் கதவு வைக்கச் சொல்லி மனுமேல் மனு எழுதினார். அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு ஏழெட்டு அடிக்குப் பிறகு அவன் நின்றான். திரும்பிப் பார்க்கப் பயம். அவன் கண் அவள் முகத்திலேயே இருந்தது.

"பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா?" என்று கேட்டான்.

அவள் அவன் தோளுக்கு அப்பால் பார்த்தாள். காம்பவுண்டே நின்றிருந்தது.

"நிக்கிறாங்க" என்றாள். "வழி விடுவாங்க."